சாம்பல் எருமை

யோசனை வந்தபோது என் வாயில் வேர்க்கடலை இருந்தது. மைக்கை அணைத்து வைத்திருந்தேன். மடிக்கணினித் திரையில் எங்கள் மேனேஜர் உலக வரைபடம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். வடகோடிக் கடலோரத் துறைமுகங்களை ஏதோ ஒரு கும்பல் குறிவைத்திருக்கிறதாம். கும்பலுக்குப் பனிக்கரடியின் பெயர். அதைச் சொல்லும்போது மேனேஜரின் குரல் தானாகத் தாழ்ந்தது, பேய்க்கதை சொல்கிறவர்களுக்குத் தாழ்வதைப் போல.

எங்கள் கம்பெனிக்குக் கப்பல் கிடையாது. துறைமுகமும் கிடையாது. லாரிகள் உண்டு, கிடங்குகள் உண்டு, பெங்களூரில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கட்டடம் உண்டு. பனிக்கரடி எங்களிடம் வந்தால் பார்சல்தான் போட முடியும்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்து கதவருகே நின்றார். கையில் கணவரின் போன்.

"பாப்பா, மீட்டிங்குல இருக்கியா?"

"இருக்கங்க்கா. சும்மாதான், வாங்க."

"சும்மா இருக்கறதுக்கா சம்பளம் தர்றான் உங்க கம்பெனிக்காரன்? எங்க வூட்ல ராத்திரி பகலா ஓட்டுன மனுசன வண்டிய வுட்டு எறக்கிட்டானுங்க. இத பாரு."

அவர் கணவர் எங்கள் கம்பெனி லாரிதான் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறார். பெங்களூரில் ஏற்றி சேலத்துக்கும் அதற்குத் தெற்கேயும் இறக்கும் வேலை. காரிமங்கலத்தைத் தாண்டும்போது நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி, வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு போவார். நானும் அவரும் ஒரே கம்பெனி என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு தமாஷ். கம்பெனிக்கு அது தெரியவே தெரியாது.

போனை வாங்கிப் பார்த்தேன். டிரைவர்கள் குரூப்பில் ஒரு செய்தி: உங்கள் வாகனத்தின் மீது போக்குவரத்து அபராதம் பதிவாகியுள்ளது, புகைப்படத்தைப் பார்க்கக் கீழே உள்ள கோப்பைத் திறக்கவும். கீழே கோப்பு. அது புகைப்படம் இல்லை, போனுக்குள் குடியேறுகிற ஒரு செயலி. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரையில் மேனேஜர் இன்னும் பனிக்கரடியின் குணாதிசயங்களை விளக்கிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் யோசனை வந்தது. நாங்கள் தேட வேண்டியது அந்த வரைபடத்தில் இல்லை, அக்காவின் கையில் இருக்கிறது. திருடன் வடகோடியிலிருந்து வரவில்லை. தொப்பூர்க் கணவாயில் டீ குடிக்க நிற்கிற எங்கள் டிரைவரின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டான். உளவு பார்க்க வேண்டுமானால் அங்கே பார்க்க வேண்டும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சைபர் அச்சுறுத்தல் உளவு ஆய்வாளர். ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல திருடனப் புடிக்கிற வேல" என்று முடித்துவிடுவாள். பிடிப்பதெல்லாம் வேறு ஆட்கள். திருடன் யார், எந்தப் பக்கமாக வரப்போகிறான் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் வேலை. படித்து முடித்து இந்த வேலை கிடைத்தபோது கால் தரையில் பாவவில்லை. துப்பறிகிற வேலைக்கு சம்பளமும் கொடுத்து, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கவும் விடுகிறார்களே என்று.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே குட்டு உடைந்தது. நாங்கள் துப்பு எதுவும் அறிவதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் வெளியிடுகிற அறிக்கைகளைப் படித்து, சுருக்கி, எங்கள் கம்பெனி முத்திரையை மேலே ஒட்டி, நிறம் கொடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிறோம். சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் யாரும் படிக்க வேண்டாம். மற்ற நிறங்களையும் யாரும் படிப்பதில்லை என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் நேரமில்லாமல் முந்தைய வாரத்துப் பத்தி ஒன்றை அப்படியே மறுபடி போட்டு அனுப்பினேன். "போன வாரத்தைவிட ஆழமாக இருக்கிறது" என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அன்றைக்கு எனக்கு இந்தத் தொழிலின் மேல் இருந்த மரியாதை மாடிப்படி இறங்கிப் போனது, திரும்பி வரவில்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தார். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லுங்கியும் சட்டையுமாக வந்து, நாற்காலி இருந்தும் வாசற்படியில் உட்கார்ந்தார். வண்டி இல்லாத டிரைவருக்கு எங்கே உட்காருவதென்றே தெரியவில்லை போலிருக்கிறது.

"அந்த ஃபைல தொட்டீங்களாண்ணா?"

"தொட்டன் பாப்பா. மொத நாளுதான் ஓசூர்ல தப்பான எடத்துல நிறுத்திருந்தன். சரி, போட்டோ புடிச்சுட்டான்னு நெனச்சன். தொட்டா போட்டோவும் வரல, ஒண்ணும் வரல. நெட்டு இல்லன்னு வுட்டுட்டன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. தொப்பூர்ல நிக்கறன். முன்னாடி ஒரு கண்டெய்னர் சாஞ்சு கெடக்குது, வண்டி நகரல. அந்த நேரத்துல என் கார்டுல ஆந்திராவுல ஒரு பங்க்குல எவனோ டீசல் புடிச்சிருக்கான். வண்டி இங்க நிக்குது, டீசலு அங்க எறங்குது!"

கம்பெனி லாரிகளுக்கு டீசல் அட்டை உண்டு. பங்க்கில் அட்டை எண்ணைப் போட்டதும் டிரைவரின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால்தான் பம்ப் ஓடும். அண்ணனின் போனுக்குள் குடியேறிய செயலி, வருகிற செய்திகளையெல்லாம் அவருக்குத் தெரியாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய செய்திகளில் இருந்த அட்டை எண்ணும், புதிதாக வந்த ரகசிய எண்ணும் அப்படித்தான் போயிருக்கின்றன.

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"நம்பரு தானா கால் மொளச்சு ஆந்திராவுக்கு நடந்து போச்சான்னு கேக்கறாங்க. நான் எவனுக்கோ சொல்லிக் குடுத்து பங்கு வாங்கிட்டனாம். திங்கக்கெழம விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதோட அனுப்பிருவாங்க பாப்பா. திருட்டுப் பட்டத்தோட அனுப்புனா வேற எவன் வண்டி குடுப்பான்?"

"குரூப்புல இத அனுப்புன டிரைவரு யாரு? அவரையும் நிறுத்திட்டாங்களா?"

"அவன் அனுப்பலயாம், தானா போச்சாம். அவன் ஏன் வாயத் தொறக்கறான்? தொட்டன்னு சொன்னா நிறுத்துவாங்கல்ல. நான்தான் கூமுட்டையாட்டம் ஆமா தொட்டன்னு ஒத்துக்கிட்டன்."

"ஆமா, அரிச்சந்திரன் பேரன்" என்றார் எதிர்வீட்டு வாசலிலிருந்தே அக்கா.

கம்பெனியின் உதவி மையத்திலிருந்து அவருக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு வந்துகொண்டிருந்தது. போனைச் சுத்தமாக அழித்து மறுபடி துவக்க வேண்டுமாம், அதுதான் விதியாம். அழித்தால் அந்தச் செயலி இருந்ததற்கு அடையாளமே இருக்காது. வீட்டில் திருட்டுப் போனால் போலீஸ் வருவதற்கு முன்னால் தரையைக் கழுவி விடச் சொல்கிற விதி. சிம்மை எடுத்து அண்ணனின் பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, இந்தப் போனை அணைத்து எங்கள் சமையலறையில் ராகி மாவு டப்பாவுக்குள் வைத்தேன்.

"எவளாவது போன ராகி மாவுல வெப்பாளாடி?" என்றாள் அம்மா.

"சாட்சிம்மா."

"சாட்சி களில வெந்துராம பாத்துக்க."

மறுநாள் காலை, போனை அணைக்கும் முன் பிரதி எடுத்து வைத்திருந்த அந்தக் கோப்பை, ஆய்வுக்கென்று தனியாகப் பூட்டி வைத்திருக்கும் கணினிக்குள் ஓடவிட்டேன். இதற்காகத்தானே படித்தோம் என்று கை பரபரத்தது. உள்ளே போனதும் செயலி தன் படத்தை மறைத்துக்கொண்டது. வருகிற குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டது. வாங்கியதை ஓர் இணைய முகவரிக்கு அனுப்ப ஆரம்பித்தது. அந்த முகவரியைத் திறந்தால் பூட்டே இல்லை. திருடர்களும் எங்களை மாதிரிதான் போலிருக்கிறது, கடையைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். உள்ளே யார் யாருடையதோ செய்திகள் வரிசையாகக் கிடந்தன. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது, பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை, ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கியாயிற்று. நடுவில் அண்ணனின் எண்ணும், டீசல் அட்டையின் ரகசிய எண்ணும், அது வந்த நேரமும். தொப்பூரில் அவர் நின்றுகொண்டிருந்த அதே நேரம்.

அதைத் திரையில் ஒரு படம் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எங்கள் விதிப்படி தொடக் கூடாது. வெளியார் கணினியில் எதை எடுப்பதானாலும் மேலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், தடயம் எடுக்கிற குழு முழுப் பிரதி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். அப்போதுதான் விசாரணையில் செல்லும். மேனேஜரைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"சூப்பர் ஒர்க். ஆக்டர் யாரு?" என்றார். திருடனை எங்கள் தொழிலில் ஆக்டர் என்பார்கள்.

"தெரியலைங்க. இங்கேயே எங்கயோ இருக்கிற ஆளுங்க மாதிரிதான் தெரியுது."

"க்ரூப் பேரு?"

"பேரெல்லாம் இல்லைங்க."

"பேரு இல்லாம எப்படிம்மா மேல கொண்டு போறது? ஸ்லைடுல என்னன்னு போடுவேன்? பச்சைல போட்டுடு."

"ஒரு டிரைவருக்கு வேலை போகப்போகுதுங்க. திங்கட்கிழமை விசாரணை."

"அது எச்.ஆர். விஷயம். நம்மது த்ரெட்."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அக்காவின் எருமை தொட்டி ஓரத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு பிடித்து சாம்பல் நிறமாக இருந்தது. உலகத்தில் எதைப் பற்றியும் அதற்கு ஒரு கருத்தும் இல்லை.

எங்கள் தொழிலில் திருட்டுக் கும்பலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு நிறமோ உலோகமோ, கூடவே ஒரு மிருகம். பெயர் வைக்கிற ஆய்வாளருக்கு அது பிள்ளைக்குப் பெயர் வைக்கிற சந்தோஷம். பெயர் வந்துவிட்டால் கும்பலுக்கு ஜாதகம் எழுதலாம், படம் வரையலாம், மாநாட்டில் பேசலாம். பெயர் இல்லாத திருடன் எங்களுக்குத் திருடனே இல்லை.

அறிக்கையைத் திறந்து தலைப்பில் 'கிரே பஃபலோ' என்று அடித்தேன். சாம்பல் எருமை. கீழே எழுதியதெல்லாம் நான் கண்டது மட்டும்தான், ஒரு வரிகூடக் கூட்டவில்லை. செயலி எப்படி வருகிறது, எதைத் திருடுகிறது, எங்கே அனுப்புகிறது. பிராந்தியம் என்ற இடத்தில் தெற்காசியா என்று போட்டேன். காரிமங்கலமும் அதில்தானே இருக்கிறது.

அனுப்பிவிட்டு அம்மாவிடம் டீ வாங்கக் கீழே இறங்கினேன். டீ ஆறுவதற்குள் நிறம் சிவப்பாகிவிட்டது. அவசரக் கூட்டம். வழக்கமாகக் கேமராவை அணைத்து வைத்திருக்கிற பெரிய முகங்களெல்லாம் திரையில் வரிசையாக. மேனேஜர் அதே தாழ்ந்த குரலில் "கிரே பஃபலோ" என்றார். யாரோ "எந்த நாடு?" என்று கேட்டார்கள். யாரோ "எருமைன்னா பொறுமையான க்ரூப்பா இருக்கும், நாள் கணக்குல காத்திருந்து அடிப்பாங்க" என்று விளக்கம் சொன்னார். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் குழுவின் சீனியர் அப்போது தொண்டையைக் கனைத்தார். எந்த மாநாட்டிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கழுத்து அட்டையோடு படம் எடுத்துக்கொள்கிறவர். அந்த அட்டைகளையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் கொத்தாக மாட்டி வைத்திருப்பார், கூட்டங்களில் அவை நமக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டிருப்பார்.

"இந்த க்ரூப்ப நான் ரொம்ப நாளா ட்ராக் பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

அந்தக் கும்பலுக்குப் பெயர் பிறந்து ஒரு டீ நேரம்தான் ஆகியிருந்தது. சிரிப்பை அடக்க மைக்கை அணைத்தேன், கேமராவையும் அணைத்தேன். இருந்தாலும் காரியம் ஆனது. மறுநாள் காலை தடயக் குழு அந்த முகவரியிலிருந்து முழுப் பிரதி எடுக்கும் என்று முடிவானது. அதுவரை யாரும் தொடக் கூடாது, கூட்டத்தில் இருப்பவர்களைத் தாண்டி இது வெளியே போகக் கூடாது. அறிக்கையின் உச்சியிலேயே அந்த எச்சரிக்கை சிவப்பில் இருந்தது.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நாளைக்கு எடுத்துருவாங்கண்ணா. உங்க நம்பரு, நேரம், எல்லாம் அதுல இருக்குது."

"எடுத்துருவாங்கல்ல?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலமே சீனியர் பதிவு போட்டுவிட்டார். உத்தியோகக்காரர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வதற்கென்று இருக்கிற அந்த இணையதளத்தில். மேலே கண்கள் சிவப்பாக எரிகிற ஓர் எருமையின் படம், கணினியிடம் வரையச் சொல்லி வாங்கியது. கீழே, 'கிரே பஃபலோ என்ற ஆபத்தான கும்பலை அம்பலப்படுத்துவதில் பெருமைகொள்கிறேன்'. அதற்கும் கீழே, திரையில் நான் பிடித்து அறிக்கையோடு இணைத்திருந்த படம். முகவரியின் மேல் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலும் கீழும் எழுத்துகள் எட்டிப் பார்த்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வாசித்துவிடும்.

கைதட்டல்கள், தீப்பிழம்புகள், 'உங்களைப் போன்றோர் இருப்பதால்தான் நாங்கள் நிம்மதியாக' என்று வாழ்த்துகள். தெரியாத ஊர்களிலிருந்து தெரியாத ஆய்வாளர்கள், தாங்களும் இந்த எருமையைப் பார்த்திருப்பதாகச் சத்தியம் செய்தார்கள். ஒருவர் அது பழைய கும்பல் ஒன்றின் புது அவதாரம் என்று அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார். எங்கள் எதிர்வீட்டு எருமைக்கு வம்சாவளியே கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் திருடனும் ஒரு கைதட்டலைப் போட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காலையில் தடயக் குழு அந்த முகவரியைத் திறந்தது. வெள்ளைப் பக்கம். ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சீனியரைக் கூப்பிட்டேன். 

"எதுக்குங்க போட்டீங்க?"

"அட்ரஸ மறைச்சிருந்தேனே."

"கோடு போட்டீங்க. அது மறைக்கிறதில்லைங்க, அடிக்கோடு."

"கூல் டவுன்மா. அவேர்னெஸ் முக்கியம். கம்யூனிட்டிக்குப் போகணும்ல?"

"கம்யூனிட்டிக்குப் போச்சு. திருடனும் அதுலதான் இருக்கான்."

"உன் பேரையும் டேக் பண்ணிருக்கலாம், மறந்துட்டேன். எடிட் பண்ணிடறேன்" என்றார் பெருந்தன்மையோடு. நான் கோபப்படுவது அதற்காகத்தான் என்று உண்மையிலேயே நினைத்துவிட்டார். இந்த மனிதர்களோடு சண்டை போடவும் முடியாது. நாம் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதே அவர்களுக்குப் புரியாது.

மேனேஜர் அவரைவிட ஒரு படி மேலே போனார். அன்று மதியம் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் சிவப்பு பச்சையாகியிருந்தது. 'எங்கள் குழுவின் துரித நடவடிக்கையால் கும்பலின் தளம் மூடப்பட்டது. அச்சுறுத்தல் முறியடிக்கப்பட்டது.' திருடன் சாவகாசமாக மூட்டை கட்டிக்கொண்டு போனதை வெற்றி என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் எருமை படமும் இருந்தது.

என்னிடம் மிச்சம் இருந்தது திரையில் பிடித்த அந்த ஒரு படம். அதைக் கம்பெனியின் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். விசாரணை நடத்தப்போகிறவர் போலீசில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரே கூப்பிட்டார்.

"பாத்தேம்மா. இது மாதிரி படம் யார் வேணாலும் செய்யலாமே. நீ எந்த ஊரு?"

"காரிமங்கலம் பக்கம்ங்க."

"அந்த டிரைவரும் அந்தப் பக்கம்தான?"

"எதிர்வீடுங்க."

"ஓ. எதிர்வீடு." அந்த வார்த்தையை அவர் மென்று பார்த்தது எனக்குக் கேட்டது. "சரி, நீ சொல்ற மாதிரி அந்தச் செயலி குரூப்புல வந்திருந்தா மத்த டிரைவருங்க போனுக்கும் போயிருக்கணும்ல? நான் எல்லாரையும் கேட்டேன். ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லலையே. இவர் ஒருத்தருக்கு மட்டும் எப்படி?"

எனக்கு அவர் மேல் வந்த எரிச்சல் பாதியிலேயே நின்றது. எங்கள் குழுவில் இத்தனை கூட்டங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. கேட்டவிதம்தான் தப்பு. தொட்டேன் என்று சொன்னவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, வேறு யாராவது தொட்டீர்களா என்று கேட்டால் எவன் சொல்வான்?

இன்று, சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணன் மறுபடி வாசற்படியில் இருந்தார். அக்கா எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை அக்காவிடம் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"ஏம் பாப்பா, எங்க எருமை உங்க ஆபீஸ்ல பெரிய ஆளாமே?"

"ஆமாங்க்கா."

"அதுக்கு வேல போட்டுக் குடுத்துருங்க. இவரு வூட்ல இருந்து சாணி அள்ளட்டும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "வுடு பாப்பா. நீயும் என்னா பண்ணுவ" என்றார். அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அண்ணா, உங்க செட்டு வண்டிங்க எல்லாம் எங்க நிறுத்துவாங்க?"

"எங்கயும் நிறுத்துவானுங்க. ஏன்?"

"எல்லாரும் கட்டாயமா நிறுத்தற எடம்."

"தொப்பூர்தான். சேலம் போற வண்டி எறக்கத்துல வுடறதுக்கு முன்னாடி மேல நிறுத்தி, டயர தட்டிப் பாத்து, பிரேக்கு பாத்து, முனியப்பனுக்கு ஒரு கற்பூரம் வெச்சுட்டு, டீ குடிச்சுட்டுத்தான் எறங்குவோம். அங்க நிறுத்தாம எறங்கறவன் டிரைவரே கெடையாது. ஞாயித்துக்கெழம காலைல பாத்தா நம்ம வண்டிங்களே வரிசையா நிக்கும்."

"அங்க போய் ஒவ்வொருத்தர் போனையும் பாத்தா?"

"காட்ட மாட்டானுங்க பாப்பா. என்னப் பாத்துட்டானுங்கல்ல. காட்டுனா வண்டி போயிரும்னு பயம்."

"ஒருத்தரா காட்டுனா வண்டி போகும். ஒரு வரிசையே காட்டுனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேகமாகப் பேசினேன், எனக்கு யோசனை வந்தால் அப்படித்தான். எங்கள் கம்பெனிக்கு உண்மை புரியாது, எருமை புரியும். அதைவிட நன்றாகப் புரிவது நிற்கிற லாரி. ஒரு டிரைவரைத் திருடன் என்று சொல்லி நிறுத்தலாம். அந்தச் செயலி இத்தனை பேர் போனில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், அத்தனை லாரிகளையும் நிறுத்த யாருக்கும் தைரியம் வராது. சரக்கு தேங்கிவிடும். அப்போது இது எச்.ஆர். விஷயமாக இருக்காது.

"எல்லாரும் சேந்து காட்டணும்" என்றார் அண்ணன் மெதுவாக. "பேர எழுதுவியா?"

"எத்தனை போன்ல இருக்குதுன்னு மட்டும்தான் மொதல்ல எழுதுவன். போதுமான பேரு சேந்தாத்தான் பேரு. சேரலன்னா அப்பவே அழிச்சுருவன். அவுங்க கண்ணு முன்னாடியே."

"மொதல்ல நான் வெக்கறன் என் போன" என்றார்.

"ராகி மாவத் தொடச்சுட்டு வெய்யி" என்றார் அக்கா. தவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்திருந்தார். "நானும் வர்றன். டிரைவருங்க இவரு பேச்சக் கேக்க மாட்டானுங்க. அவனுங்க பொண்டாட்டிங்க நம்பரு எல்லாம் எங்கிட்ட இருக்குது. இன்னிக்கே சொல்லி வெக்கறன். எவன் காட்டலன்னு பாக்கறன்."

அக்கா இன்று முழுக்கப் போனில் இருந்தார். எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. "நாளைக்கு உன் வூட்டுக்காரரு கார்டுலயும் எவனோ புடிப்பான், அன்னிக்கு யாரு வருவா உனக்கு?" என்று ஒரே கேள்வியை ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குழு இந்த வேலையைச் செய்வதானால் முதலில் ஒரு பெயர் வைத்திருக்கும், அப்புறம் ஓர் அமைப்பு, அமைப்புக்கு ஒரு சின்னம்.

மேனேஜரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்லைடு கேட்பார். ஞாயிற்றுக்கிழமை என் விடுமுறை, தொப்பூருக்குப் போய் டீ குடிப்பது என் இஷ்டம். பையில் மடிக்கணினி, கேபிள்கள், ஒரு பாக்கெட் வேர்க்கடலை. சமையலறையில் டப்பாவைத் திறந்து போனை எடுத்து, துணியால் துடைத்து, அதையும் பைக்குள் வைத்தேன். மாவு பொத்தான்களின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் தர்மபுரி, அங்கிருந்து தொப்பூர். லாரிகள் நிற்கிற பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டும். கற்பூரம் வைத்துவிட்டு வருகிறவர்கள் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் டீக்கு வருவார்களாம். அண்ணன் முதலில் தன் போனை மேசையில் வைப்பார். அதற்கு அடுத்து யார் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.